மாப்பிள்ளைக்கு வாங்கிய திறந்த ஹெட்போன்

குறைந்த விலையில் நல்ல திறந்த ஹெட்போன் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பலரும் பயமுறுத்துகிற அளவுக்குக் கடினமான காரியம் அல்ல, டாக்டர். தலையில் மாட்டினால் கனம் தெரியக்கூடாது. காதை அமுக்காமல் காதைச் சுற்றி உட்கார வேண்டும். பஞ்சுக்குத் துணி உறை போட்டிருந்தால் வியர்க்காது. தனியாக ஆம்ப்ளிஃபையர் எதுவும் வாங்காமல், கம்ப்யூட்டரில் நேரே செருகினாலே போதுமான சத்தம் வரவேண்டும். இவ்வளவும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மாப்பிள்ளையிடம் என்ன மாற்றம், எப்போதிலிருந்து, வீட்டில் பார்த்ததை எல்லாம் எழுதி எடுத்து வாருங்கள் என்று சொன்னீர்கள். எல்லாம் என்றால் ஹெட்போனில்தான் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் நீட்டி முழக்குவேன். ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் பதில் ஊர்வலமாகத்தான் வரும்.

வீட்டில் மூன்று பேர். நான், என் மகள், மாப்பிள்ளை. என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பிசியோதெரபிஸ்ட், கை கால் விழுந்தவர்களை நடக்க வைக்கிறவள். மாப்பிள்ளை வீட்டிலிருந்தபடியே கம்பெனி மென்பொருளில் பிழை தேடுகிறவர். நான் உங்களைப் போன்றவர்களின் ஆஸ்பத்திரியில், காது கேட்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். என் காதைப் பற்றி நானே சொல்லக்கூடாது. பக்கத்துத் தெருவில் எறும்பு தும்மினால் எனக்கு இங்கே ஜலதோஷம் பிடிக்கும்.

மாப்பிள்ளைக்கு இரண்டே ஆசை. வேலை முடிந்ததும் நண்பர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் சுட்டு விளையாட வேண்டும். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் பேச ஆரம்பித்தால் சுவர்க்கடிகாரம் ஓடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

"கேமிங்னு போட்டிருக்கறதை எடுக்காதீங்க சார். கலர் கலரா லைட் எரியும், அவ்ளோதான். அதுல பாட்டு கேட்டா வாளிக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கும்."

"அப்ப ரெண்டுக்கும் ஒண்ணுன்னா?" என்றார் மாப்பிள்ளை.

"ஓப்பன் எடுங்க. பின்பக்கம் பாருங்க, மூடியில்ல, சல்லடை. சத்தம் உள்ளேயே அடைஞ்சுக்காது. பாட்டு மண்டைக்குள்ள கேக்காது, ரூம்ல கேக்கும். கேம்ல எவன் எந்தப் பக்கம் நடந்து வர்றான்னு திரும்பாமலே சொல்லிடலாம். ஒரே ஒரு வம்புதான். உள்சத்தம் வெளிய போகும், வெளிச்சத்தம் உள்ள வரும். வீட்ல அமைதியா இருப்பாங்களா?"

"எல்லாரும் அமைதி. மாமா மட்டும்தான் கொஞ்சம் ரேடியோ," என்று என்னைக் காட்டினார் மாப்பிள்ளை. மூவரும் சிரித்தோம்.

அவர் மாட்டிப் பார்த்தார். முகம் குழந்தையுடையதைப் போல ஆகிவிட்டது. "மாமா, வயலின் அந்த அலமாரிகிட்டருந்து வருது!" என்று சொல்லி, கழற்றி, தன் கையாலேயே என் தலையில் மாட்டிவிட்டார். அவர் சொன்னது சரி. வயலின் அலமாரி அருகில்தான் இருந்தது. இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த நிமிடத்தில் என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

முதல் தடவை நடந்தது விளையாட்டாகத்தான். அவர் மேசை ஜன்னலைப் பார்த்து இருக்கும். முதுகு கதவுப் பக்கம். காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பார். டீ போட்டுவிட்டு வாசலில் நின்று "மாப்பிள்ளை" என்றேன். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உடனே ஓடிவிட்டேன். திரும்பி எட்டிப் பார்த்தால், மனிதர் ஜன்னலைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், திரையை முறைக்கிறார். பிறகு வெளியே வந்தார்.

"கூப்பிட்டீங்களா மாமா?"

"யாரு, நானா?" என்றேன். அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு ஒரு கேள்வி. அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். எனக்கு வயிறு குலுங்கியது. அந்த வாரம் முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். தலையணைக்கே சிரிப்பு தொற்றியிருக்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் கம்பெனி அவரை வெளிநாட்டு அலுவலகத்துக்கு மாற்றுகிறதாம், பெரிய பதவியாம், இருவரும் போகிறார்களாம்.

"நீங்களும் அப்புறமா வந்துடலாம்ப்பா."

"அந்தக் குளிர்ல என்னை எதுக்கும்மா கூட்டிட்டுப் போறே? ஃப்ரிட்ஜ்ல வைக்கவா?"

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அன்று சாப்பிட்டேனா என்று நினைவில்லை. இந்த வீட்டில் நான் தனியாக இருக்கும் காட்சியைப் பார்த்துவிட்டேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஜோடி செருப்பு. மனைவி இறந்த வருடம் அந்தக் காட்சியைக் கொஞ்சம் அனுபவித்தும் இருக்கிறேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன்.

அந்தப் பதவிக்குத் தினமும் பத்துப் பேரை மேய்க்க வேண்டும். தலை தெளிவாக இருக்க வேண்டும். தெளிவு கொஞ்சம் கலங்கினால் அவரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போனால்கூடப் போதும். தீங்கு செய்வதாக நான் நினைக்கவில்லை.

சத்தமாகக் கூப்பிடக்கூடாது. இது தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். கேட்டதா கேட்கவில்லையா என்று ஆளே தடுமாறுகிற ஓர் அளவு உண்டு. என் வேலையே அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான். விளையாட்டில் சண்டை ஓய்ந்து எல்லோரும் பதுங்கியிருக்கும் நேரத்தில் ஒரு காலடி. பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அது மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு "மாப்பிள்ளை". அந்த ஹெட்போனில் எல்லாச் சத்தமும் அறையில்தான் கேட்கும் என்பதால், எது அதனுடையது, எது என்னுடையது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. அவர் கழற்றிவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

"டேய், என் பின்னாடி யாரோ நிக்கறான்டா," என்று ஒருநாள் விளையாட்டில் கத்தினார்.

திறந்த ஹெட்போன் அல்லவா, நண்பனின் பதில் எனக்கே கேட்டது: "உன் பின்னாடி இல்லடா, என் பின்னாடி நிக்கறான், சுட்றா மூதேவி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளைக்கு வரவில்லை. அவர் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்து அறைக்கு மாறினேன். சுவர் மெல்லியது.

ஹெட்போனில்தான் கோளாறு என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், இது ஓப்பன். வீட்ல யாராவது நிஜமாவே கூப்பிட்டிருப்பாங்க," என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, ஆசையோடு. "மாமா, நீங்களா?"

"கூப்பிட்டுட்டு ஓடி ஒளியறதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா மாப்பிள்ளை?" என்றேன். கடைக்காரர் சிரித்தார். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரும்போது என் கையிலிருந்த குடையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு வந்தார். அன்று நிறுத்தியிருக்கலாம்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுத வேண்டும். அவருடைய அம்மா போன வருடம் காலமானார். வளர்ந்து மீசை வைத்த மகனைக் கல்யாணக் கூட்டத்திலேயே "பட்டு" என்று கூப்பிட்ட அம்மா. இழுத்து, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி. நான் எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவேன். ஒரு மத்தியானம், பாட்டு முடிந்த இடைவெளியில், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைச் சொன்னேன். ஒரே தடவை.

அவர் விறைத்துப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் "அம்மா" என்று பதில் கொடுத்தார். பிறகு நீண்ட நேரம் பேசினார். பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, எல்லாவற்றையும் கேட்டேன். அம்மாவின் கடைசி நாளில் தான் ஆஸ்பத்திரிக்கு வராமல் போனதைப் பற்றித்தான் பேசினார். நான் பிறகும் சொன்னேன், டாக்டர். ஒரே தடவை என்று மேலே எழுதியிருப்பது அந்த மத்தியானத்துக்கு மட்டும் பொருந்தும்.

அவரே வந்து கேட்டார்: "மாமா, எனக்குக் காது டெஸ்ட் பண்ணிப் பாக்கறீங்களா? பாப்பாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா." பாப்பா என்பது என் மகள்.

என் பழைய பிரிவுக்கு அழைத்துப் போனேன். இப்போது அங்கே இருக்கும் பெண், "வாங்க சார், உங்க சிம்மாசனம் காலியாத்தான் இருக்கு," என்று எழுந்து இடம் கொடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத அறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். விசில் சத்தம் கேட்கக் கேட்கப் பொத்தானை அழுத்தினார். பரீட்சை எழுதும் பையனைப் போல, தவறிவிடக்கூடாது என்று கண்ணை இறுக்கி மூடியிருந்தார். காதில் ஏதாவது குறை இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஒரு சிறிய கோளாறு என்று நான் சொல்லியிருந்தால் அவர் துள்ளிக் குதித்திருப்பார்.

"உங்க காது பத்து வயசுக் குழந்தையோட காது மாப்பிள்ளை. துளி குறை இல்ல," என்றேன். அது உண்மை. வேண்டுமானால் அந்தத் தாளைப் பாருங்கள்.

"அப்ப எனக்குத்தான் ஏதோ," என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் வந்தார், மாத்திரை கொடுத்தீர்கள். மாத்திரையில் தூங்கி வழிந்தார். வெளிநாட்டுப் பதவியை அவரே வேண்டாம் என்றார். உள்ளூர் வேலையையும் விட்டார். அன்றோடு நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நினைத்தது நடந்துவிட்டது, மகள் என்னோடு இருக்கப் போகிறாள், மாப்பிள்ளை மெல்லத் தேறிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

மகள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். அதே வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

"யாராவது ஒருத்தர் சம்பாதிக்கணும்லப்பா. அவரைக் கூட்டிட்டுப் போய் தனியா விட முடியாது. உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்னுதான் தைரியமா கிளம்பறேன். உங்களை விட்டா அவரை யாருப்பா பாத்துக்குவா?"

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன வாரம் விமானம் ஏறிவிட்டாள்.

இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார். ஹெட்போனைத் தொடுவதே இல்லை. ஆனால் சாப்பிடும்போது திரும்பிப் பார்க்கிறார், குளித்துக்கொண்டே "வரேன்" என்கிறார். நான் கூப்பிடுவதில்லை, டாக்டர். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நடக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. தும்மல் வந்தால் கொல்லைப்பக்கம் ஓடுகிறேன்.

நேற்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார். தலையை ஒழுங்காக வாரியிருந்தார். கேட்பதற்குத் தயாராகி வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க மாப்பிள்ளை."

"இப்ப என்னைக் கூப்பிட்டீங்களா? நீங்கதான் கூப்பிட்டேன்னு சொன்னீங்கன்னா... எப்பவுமே நீங்கதான்னு சொன்னாக்கூட, எனக்குக் கோவம் வராது மாமா. சத்தியமா. நிம்மதியா இருக்கும்."

குழாயை மூடினேன். ஓர் "ஆமாம்" போதும். அந்த ஒரு சொல்லில் அவருடைய தலை, வேலை, என் மகள், அம்மாவிடம் அவர் பேசிய பேச்சு எல்லாமே அவரிடம் திரும்பிப் போயிருக்கும். கையில் சோப்பு நுரையோடு நின்றேன். யோசித்துப் பார்த்தேன். நேற்று நான் கூப்பிடவில்லை.

"இல்லையே மாப்பிள்ளை," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள். என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, ஒன்றை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர்: இவ்வளவு நடந்தும், மாப்பிள்ளையிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.