தாலி கட்டையில ஊதிய சங்கு

ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பேர். இளையவர் மடியில் எலக்ட்ரானிக் டிரம் பேட். "தாலி கட்டையில சங்கு ஊதிருச்சுண்ணே" என்று அவர் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது.

"யாருலே ஊதுனா?" என்றார் மூத்தவர்.

"இந்தப் பேடுதாண்ணே. இத அடிச்சா லேப்டாப்புலதான சத்தம் வரும். கெட்டிமேளம்னாங்க, அடிச்சேன். லேப்டாப்புல இருந்து எழவு வீட்டுச் சங்கு வருது."

மூத்தவர் பேடை எட்டிப் பார்த்தார்.

"அது எப்படிலே லேப்டாப்புல கெடந்துச்சு?"

"முந்தின நாள் சேத்தூர்ல துட்டி வீட்டுல வாசிச்சோம்லா. பேடையும் லேப்டாப்பையும் சேக்குற ஒயரு லூசு. கழண்டத மாட்டவும் அந்தப் பழைய சவுண்டுக்கே போயிருச்சு."

"பேடோட வந்த ஒயரு டைட்டா இருக்குமே."

"அதுல போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தேன். வீடியோ எடுக்கணும்லா, தங்கச்சி கல்யாணம்."

"ஒந் தங்கச்சிக்கா?"

"ஆமாண்ணே. மேளக்காரங்க வேண்டாம், நானே வாசிக்கேன்னு சொன்னதும் நான்தான்."

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. இளையவர் எழுந்தார்.

"இங்க எங்க எறங்குத?"

"தங்கச்சி வீட்டுக்கு. வீடியோவக் கேட்டிருக்கா."

"சங்குச் சத்தம் அதுல விழுந்திருக்கா?"

"அது மட்டுந்தாண்ணே தெளிவாக் கேக்கு."