சுவிட்ச் போடாமல் சுற்றிய ஃபேன்

எங்கள் வீட்டு ஹாலில் சுற்றும் ஃபேன் பழசுதான், ஆனால் ரொம்ப நல்ல ஃபேன். என் மாமனார் உயிரோடு இருந்தபோது வாங்கியது. பழுப்பு நிறம், மூன்று இறக்கையிலும் தங்கக் கோடு. புதுசு வாங்கலாம் என்று என் கணவர் விஜய் சொன்னபோதெல்லாம் தடுத்தவள் நான். நன்றாக ஓடுகிற பொருளைத் தூக்கிப் போடுவது எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் என்னைத் தப்பாக நினைக்கிறவர்கள் நினைக்கத்தான் செய்வார்கள்.

நான் யுவராணி. நசரத்பேட்டையில், பெங்களூர் ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. கட்டியது என் மாமியார் அங்கம்மா. ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட கை, வயலெல்லாம் மனையானதும் கம்பெனி கேன்டீனில் சோறு வடித்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய கை. அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

அவருக்கு ஒரே ஒரு வழக்கம். எது என்றாலும் ஏரிக்கரை கன்னியம்மாவிடம் பூ வைத்துக் கேட்பார். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றியதும் ஹாலின் கிழக்குச் சுவரில் இருக்கிற கன்னியம்மா படத்தின் சட்டத்து மேல் ஒரு சாமந்திப் பூவை வைப்பார். கற்பூரம் ஏற்றி, கேள்வியைச் சொல்லி, மணி அடிப்பார். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கற்பூரம் அணைவதற்குள் பூ விழுந்தால் உத்தரவு. விழாவிட்டால் அம்மாவுக்கு இஷ்டமில்லை.

இதில் என் மாமியார் கறார். ஜன்னலைச் சாத்திவிடுவார். ஃபேனைத் தன் கையாலேயே அணைப்பார். "காத்துல பூ உய்ந்தா அது உத்தரவு இல்ல, ஏமாத்து வேலை. அம்மாகிட்ட ஏமாத்துனா கண்ணு பூடும்" என்பார். அதனால் பூ பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். வாஷிங் மெஷின் கேட்டோம், பூ அசையவில்லை. மாடியில் ஒரு ரூம் போடலாமா என்று விஜய் கேட்டார், அசையவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு சோதிக்கிற வேலையில் இருந்தேன். அந்த வேலைக்குத் திரும்பப் போகலாமா என்று கேட்டதற்கும் அசையவில்லை. மறுபடி கேட்டபோதும் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது, உள்ளே போய் அழுதேன். சாமி மேல் கோபமெல்லாம் இல்லை.

இப்போது ஒரு பெட்டி விஷயம். என் மாமியாருக்கு முட்டி வலி. ஹாலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிப்பார். "யுவராணி, ஃபேனைக் கொஞ்சம் கொறம்மா" என்று குரல் வரும். நான் அடுப்பை விட்டுவிட்டு வந்து குறைப்பேன். திரும்பிப் போய்க் கரண்டியை எடுத்தால், "பொயுக்கமா கீது, கொஞ்சம் ஏத்து" என்று வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் நடப்பது. ஃபோனிலிருந்தே ஃபேனை ஓட்டுகிற பெட்டி ஒன்று ஆன்லைனில் வருகிறது என்று தெரிந்து வாங்கினேன். நடையை மிச்சப்படுத்தத்தான். வேறு எந்த எண்ணமும் அப்போது கிடையாது.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. மாமியார் நூம்பலில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார், விஜய் ஷிஃப்டில் இருந்தார். மெயினை இறக்கினேன், டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். ஃபேன் சுவிட்சுக்குப் பின்னால் நியூட்ரல் கம்பி இல்லை. பழைய வீடுகளில் இருக்காது. அதே போர்டில் இருந்த ப்ளக் பாயின்ட்டிலிருந்து ஒரு துண்டுக் கம்பி இழுத்துக்கொண்டேன். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அதன் குமிழை மட்டும் வெளியே விட்டேன். திருகினால் திரும்பும், வேறு ஒன்றும் நடக்காது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பெட்டி உள்ளே அடங்கிப் போயிற்று. சுவரில் சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், வழக்கம் போல. ஆனால் சுவிட்ச் அணைந்தே இருக்கும்போதும் ஃபோனிலிருந்து ஃபேனை ஓட்டலாம். அது அந்தப் பெட்டியின் குணம், நானாக ஏற்படுத்தியது இல்லை.

அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெயும் விட்டேன். கிளம்பும்போது கிறீச் என்று ஒரு சத்தம் போடும், அது எனக்குப் பிடிக்காது.

சாயங்காலம் அத்தை வந்து உட்கார்ந்து "கொறம்மா" என்றார். நான் சமையலறையில் இருந்தபடியே குறைத்தேன். அவர் மேலே பார்த்தார். "வோல்டேஜ் கம்மியா கீது போல" என்றார். அப்படியில்லை அத்தை என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை என் பழைய கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. லைனில் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். அத்தையிடம் சொன்னேன். "நான் யாருடி சொல்றதுக்கு, அம்மாவைக் கேப்போம்" என்றார். ஜன்னல் சாத்தினார், ஃபேனை அணைத்தார், பூ வைத்தார், கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் கண்ணை மூடினோம். என் கையில் ஃபோன் இருந்தது, எப்போதும் இருப்பதுதான். ஃபேனைப் போடுகிற பொத்தானைத் திரையின் கீழ் மூலையில், கண்ணை மூடிக்கொண்டே கட்டைவிரலை வைத்தாலும் சரியாக வருகிற இடத்தில் வைத்திருந்தேன். சமைக்கும்போது வசதியாக இருக்கட்டும் என்றுதான். மணி அடித்துக்கொண்டிருந்தபோது விரல் பட்டுவிட்டது.

முகத்தில் மெல்லக் காற்று பட்டது. அத்தையின் மணி ஒரு கணம் நின்று, பிறகு இன்னும் வேகமாக அடித்தது. நான் உடனே அணைத்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது பூ கீழே கிடந்தது.

"காத்து வந்துச்சே, பாத்தியாடி. ஜன்னல் சாத்திக்கினு கீது, காத்து வந்துச்சு. அம்மாதான்டி வந்துட்டா." அத்தையின் கண்ணில் தண்ணீர். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போய்ட்டு வா யுவராணி. இனிமே உன்னை எவன் கேக்கிறான்னு பாக்கறேன்." திங்கட்கிழமை காலையில் எனக்கு முன்னால் எழுந்து, எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியதும் அவர்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு வாஷிங் மெஷின் வந்தது. மாடியில் ரூம் வந்தது. கன்னியம்மா எங்கள் வீட்டில் முன்பைவிட மனம் விட்டுப் பேச ஆரம்பித்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் நான் அணைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அத்தை கண்ணைத் திறந்து பார்த்தபோது ஃபேன் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தை சுவிட்சைப் பார்த்தார். அணைந்திருந்தது. ஃபேனைப் பார்த்தார். மறுபடி சுவிட்சைப் பார்த்தார். பிறகு அந்த முட்டியை வைத்துக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். "கரண்டே இல்லாம சுத்துது பாருடி. அவ வந்துட்டுப் போன காத்துல சுத்துது." விஜய்யும் விழுந்தார். எல்லோரும் விழும்போது நான் மட்டும் நின்றால் நன்றாக இருக்காது, நானும் விழுந்தேன்.

மறுநாளே பக்கத்து வீட்டு சரசா அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அப்புறம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். சரசா அக்காவின் அண்ணன் மகளுக்கு நூம்பலில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள், வீட்டோடு மாப்பிள்ளையாக. எங்கள் எதிர்வீட்டு மாடியில் பூபாலன் என்று ஒரு பையன் இருந்தான், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுவான், எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். இவன் சரிப்படுவானா என்று சரசா அக்கா கேட்டார். பூ விழுந்தது. அவன் ஸ்பீக்கரோடு நூம்பலுக்குப் போய்விட்டான். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் இருப்பாள்.

அத்தைக்கு அந்த நாட்களில் வந்த மதிப்பைப் பார்க்க வேண்டுமே. கேன்டீனில் ஆயுசுக்கும் யாரோ ஏவியதைச் செய்தவர், இப்போது மஞ்சள் புடவை கட்டி ஹாலில் உட்கார்ந்தால் பத்துப் பேர் காலில் விழுகிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒன்று யோசியுங்கள். அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தால் வாசல் முழுக்கச் செருப்பு. அத்தனை பேருக்கும் டீ போடுவது யார். "மருமவ வந்துட்டா, டீ வரும், குந்துங்க" என்பார் அத்தை. வெள்ளிக்கிழமை போதாமல் செவ்வாய்க்கிழமையும் வர ஆரம்பித்தார்கள். எனக்குக் கால் கடுத்தது. ஹாலில் என் வீட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார எனக்கு இடம் இல்லை.

கூட்டத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருந்தால் சண்டை ஆகியிருக்கும். எனக்குச் சண்டை பிடிக்காது. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் இருக்கும்போது மெதுவாகத்தான் கேட்டேன். "அத்தை, செம்பரம்பாக்கத்துல பெரியவரு ஊட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு கஷ்டம்னு லோகநாயகி அக்கா சொல்லிக்கினே கீறாங்க. நீங்க அங்க போயி இருந்தா அந்த ஊடு வெளங்குமோ இன்னாவோ. அம்மாவைக் கேட்டுப் பாக்கலாமே."

பெரியவர் என்றது விஜய்யின் அண்ணன் கஜபதி. லோகநாயகி அக்கா என் ஓரகத்தி. அத்தை சிரித்தார். "அம்மா என்னை இந்த ஊட்டை உட்டு அனுப்புவாளா. நான் கல்லு சொமந்து கட்டுன ஊடு இது" என்றார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. பூவை அவரே வைத்தார், கற்பூரத்தை அவரே ஏற்றினார். கண்ணை மூடியபோதும் உதட்டில் அந்தச் சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன். என்னைத் தவிர எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

பூ விழுந்தது. அத்தை குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரிம்மா" என்றார். என்னிடம் இல்லை, படத்திடம்.

இரண்டு கட்டைப் பையில் துணியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். விஜய்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள் அத்தை என்று நான் நல்ல மனசோடுதான் சொன்னேன். "என்னைத்தான போவ சொன்னா. அவளை ஏன் நான் கெளப்பணும்" என்றார். கூட்டம் அதோடு நின்றது. நான் ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம் வந்தது.

பிறகு லோகநாயகி அக்கா ஃபோன் செய்தார். அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லையாம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பட்டினியாம். "நான் இன்னா தப்பு பண்ணேன், எதுக்கு என்னை ஊட்டை உட்டு ஓட்டுனா" என்று ஏரிக்கரையைப் பார்த்தபடியே புலம்புகிறாராம். எப்போதோ வேண்டிக்கொண்டு செய்யாமல் விட்ட ஒரு பொங்கலை ஞாபகப்படுத்தி, அதைப் போய்ச் செய்துவிட்டு வந்தாராம். அதற்கும் மனசு ஆறவில்லையாம். கேட்க எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நான் கல் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அத்தையே வந்துவிட்டார். பாதியாக இளைத்திருந்தார். வாசல்படிக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. கையில் இலையில் கட்டிய ஒரு சாமந்தி.

"உள்ள வாங்கத்தே" என்றேன்.

"உத்தரவு இல்லாம எப்படிம்மா வர்றது. ஒரே ஒரு தபா கேளு யுவராணி. நான் திரும்ப என் ஊட்டுக்கு வரலாமான்னு கேளு. நான் படியில நின்னு கும்பிட்டுக்கறேன். நீயே பூ வை."

விஜய் என்னைப் பார்த்தார், அவர் கண் கலங்கியிருந்தது. நான் பூவை வாங்கிக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை அணைத்தேன், அத்தை செய்வது போலவே எல்லாம் செய்தேன். கற்பூரம் ஏற்றி மணி அடித்தேன். வெளியே அத்தை வாய்விட்டு வேண்டிக்கொள்வது கேட்டது. கற்பூரம் முழுசாக எரிந்து அணைந்தது. பூ விழவில்லை. நான் போய்ச் சொன்னேன். அத்தை படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

மற்றதற்கெல்லாம் நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. அன்றைக்கு ஃபோனை நான் தொடவே இல்லை, அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். ஒரு பெரியவர் வாழ்க்கை விஷயத்தில் என் விரல் படக் கூடாது என்று முழுக்க முழுக்க அம்மாவிடமே விட்டுவிட்டேன். எங்கிருந்தாவது காற்று வந்து தப்பாக விழுந்துவிடக் கூடாதே என்று, பூவின் காம்பை மட்டும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் நன்றாக அழுத்திச் செருகினேன்.