ரெண்டு பக்கமும் எண்ணணும்

உக்காருங்கம்மா, அந்த ஸ்டூல் ஆடாது. காக்கிச் சட்டையில தண்ணி தெறிச்சா திட்டாதீங்க. மீனு துள்ளும், மண்டையில ஒரே போடு போட்டாத்தான் அடங்கும். இந்தா, ஆச்சு.

பாப்பாவக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கீங்க, தெரியும். அவங்கப்பன் எழுதிக் குடுத்திருப்பான், புள்ளைக்கு ஒரு தோளு இறங்கியிருக்கு, ஆத்தாக்காரி அடிச்சு வளக்குறாளாம்னு. அதானே?

இந்த மீன் ஆராய்ச்சிக் கூடத்துல என் வேலையே கோணல் பாக்குறதுதாம்மா. மீனோட எடது துடுப்புல எத்தன முள்ளு, வலதுல எத்தனன்னு எண்ணணும். ரெண்டும் ஒண்ணா இல்லன்னா அது கெட்ட தண்ணியில அவதிப்பட்டு வளந்ததுன்னு ஆராய்ச்சிக்கார சார் மொதல்ல சொன்னாரு. நானும் சாக்கடைத் தண்ணித் தொட்டின்னாலே கோணல்னே எழுதி வச்சிருவேன். ஒருநாள் எந்தத் தொட்டின்னு சொல்லாம அதே மீனுங்களத் திருப்பிக் குடுத்தாரு. எண்ணினா, நல்ல தண்ணி மீனுலயும் அதே அளவு கோணல்! தப்பு என் கண்ணுல இருந்திருக்கு. ஒத்த மீன வச்சுல்லாம் எதுவும் சொல்லிர முடியாதுன்னு அவரே தலையச் சொறிஞ்சாரு.

பாப்பா தோளு பொறக்கும்போதே அப்படித்தான். யாரும் அடிக்கல.

என் தாடையா? அய்யோ, இது பொறவி இல்லம்மா! அவனுக்கு வலது கைப் பழக்கம். எதிர்ல நின்னு அறைஞ்சா எங்க விழும்? ரெண்டு பல்லு இந்தப் பக்கந்தான் போச்சு, காதும் இந்தப் பக்கந்தான் கேக்காது. ஒருதடவ கைய மாத்தி அடிடா, சமமாவாவது இருக்கட்டும்னேன். சிரிங்க, பரவால்ல. அவன்தான் சிரிக்கல, இஸ்திரிப் பெட்டியத் தூக்கினான். அன்னிக்கே புள்ளையோட இங்க வந்துட்டேன்.

இல்லம்மா, அவன் வருவான்னு வாசலப் பாக்காதீங்க. காலையிலயே வந்துட்டான். நேராக்குறேன்டின்னு பாப்பா தோளப் புடிச்சு முறுக்கினான். அவ கத்துன கத்து இருக்கே... புடிச்சுத் தள்ளினேன். ஈரத் தரை, வழுக்கித் தொட்டிக்குள்ள தலைகுப்புற விழுந்தான். தூக்கி விட்டிருக்கலாம். பிடரியில முட்டி போட்டு அமுக்கினேன். நூறு எண்ணினேன். என் எண்ணிக்கைய நம்ப முடியாதுன்னு மறுபடி ஒரு நூறு.

கடைசித் தொட்டியில கெடக்கான்மா, பலகை போட்டு மூடியிருக்கு. பலகையச் சத்தமில்லாம தூக்குங்க, பாப்பா இப்பத்தான் உள்ள தூங்குனா. எங்கக்காவுக்குப் போன் போட்டிருக்கேன். அவ வர்ற வரைக்கும் நீங்க புள்ளையத் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் இவ்ளோ நேரம் பேச்சுக் குடுத்தேன்.

ஆட்டோ சத்தம் கேக்குது பாருங்க, அக்காதான். கைய மட்டும் கழுவிட்டு உங்ககூட வந்துர்றேன்.