மெயின் ஆஃப்

ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, ஐயா. ஏலக்காய் கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்த காய், வாசத்திலேயே தெரிகிறது. போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் முப்பத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். அங்கே மோட்டார் தும்மினால், போடி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே எந்த பேரிங் என்று சொல்லிவிடுவேன். மழைக்காலத்து இடிகூட என்னிடம் கேட்டுக்கொண்டுதான் விழும்.

ஒரே ஒரு முறை தவறினேன். விசிறி மோட்டார் ஓடவில்லை என்று அதைக் கழற்றிப் பிரித்து மூன்று மணி நேரம் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் மெயின் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது. கூட வேலை பார்த்த ஜெகதீஷ் அதைக் கவனித்துவிட்டான்.

நான் ஓய்வு பெற்ற அன்று, எனக்கு மாலை போட்ட கையோடு மைக்கைப் பிடித்து அந்தக் கதையைச் சொன்னான். காய் பறிக்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் மெயின் ஆஃப். ஒரே வாரத்தில் அது ஜீப்பு ஏறிக் கேரளாவுக்கும் போய்ச் சேர்ந்தது. சிலமலையில் மேய்கிற ஆடுகளுக்கும் தெரியும்.

"என்ன மெயின் ஆஃப் அண்ணே, ஒடம்புல கரண்டு இருக்கா?" என்பார் டீக்கடைக்காரர்.

"இருக்கு. தொட்டுப் பாக்குறியா?" என்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

அதையும் பொறுத்தேன். மகள் கல்யாணத்துக்கு, மண்டப வாசலில் ஜெகதீஷ் பனைமர உயரத்தில் ஒரு பேனர் கட்டினான். 'மெயின் ஆஃப் இல்லத் திருமண விழா.' நடுவில் என் படம். சம்பந்தி நின்று நிதானமாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்படிண்ணே நம்ம பேனரு? மதுரையில அடிச்சது" என்றான் ஜெகதீஷ். பாசமாகத்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவனே ஜீப்பில் வந்தான். விசிறி நின்றுவிட்டதாம், பச்சைக்காய் மலையாகக் குவிந்து கிடக்கிறதாம்.

"நீங்க கை வச்சாத்தாண்ணே ஓடும். வெரசா வாங்க."

போனேன். அவன் ஏணியில் ஏறினான். நான் கீழே மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றேன். கைப்பிடியை இறக்கிக் கரண்டை நிறுத்த வேண்டியது என் வேலை. டெஸ்டரும் என் பையில்தான் இருந்தது. அவன் அதைக் கேட்கவில்லை. என் வாய்ச்சொல்லே போதும் என்று நினைத்தான்.

மோட்டாரின் மூடியைக் கழற்றிவிட்டு, மேலேயிருந்து கேட்டான்.

"அண்ணே, மெயின் ஆஃப்தானே?"

"ஆமா தம்பி, நானேதான்."

சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டான்.

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. அவன் வைத்த பெயரை அவனே கேட்டான், ஆமாம் என்றேன். கைப்பிடி இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் விழுந்த பிறகுதான் இறக்கினேன். ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன்னால் மெயினை நிறுத்த வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

நீங்கள் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். தெரிந்தே கொன்றேன் என்று இருக்கிறது, சரிதான், இருக்கட்டும். ஆனால் முதல் வரியில் 'பொன்னுமணி (எ) மெயின் ஆஃப்' என்று போட்டிருக்கிறீர்களே, அதில் பொன்னுமணியை மட்டும் விட்டுவைத்து மற்றதை அடித்துவிடுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன். நாளைக்குப் பேப்பரில் வரும், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வாசிப்பார்கள். மானம் என்று ஒன்று இருக்கிறது, ஐயா.