நேர் பஸ்

— பூஜ்யம்னே போடுங்க தம்பி. என் வீட்டுக்காரி எங்கயும் போறதில்ல.

— இருங்க சேதுபதி சார். நேத்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அக்கா ஒரு பஸ்ஸிலயும் ஏறலையா? மார்க்கெட்டுக்குக்கூடவா?

— மார்க்கெட் இந்த அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழயே இருக்கு. ஏறல. மங்களம், தம்பிக்கு கோப்பி கொண்டா!

— இந்தாங்க தம்பி. நீங்க எந்த ஆபீசு?

— என் பேரு அந்தோனிங்க அக்கா. கவர்மெண்ட் கணக்கெடுப்பு. இந்தத் தோ பாயோ பேட்டையில வீடு வீடாப் போய்க் கேக்குறோம், நேத்து யார் எங்க போனாங்க, எதுல போனாங்கன்னு.

— அது எதுக்கு?

— இனிமே இந்த ஊருக்கு பஸ் மட்டும் போதுமா, ரயிலும் போடணுமான்னு முடிவு பண்ணப் போறாங்க. ரயிலுன்னா கோடிக்கணக்குல செலவு. எங்கேர்ந்து எங்க ஜனம் போகுதுன்னு தெரிஞ்சாத்தானே பணத்தைப் போடுவாங்க.

— ரயிலா! இத்தனூண்டு ஊருக்கா? நான் பஸ் கம்பெனியில டிக்கெட் செக்கர் தம்பி. எனக்குத் தெரியாதா? பஸ்ஸே போதும். அதையும் எழுதிக்குங்க.

— அபிப்பிராயம் கேக்கலீங்க சார். போயிட்டு வந்த இடம் மட்டும்தான்.

— தம்பி, எனக்குப் பூஜ்யம் போட்டா என்ன ஆகும்?

— நீ உள்ள போ மங்களம். அடுப்புல என்னமோ கருகுது.

— அடுப்பை எப்பவோ அணைச்சாச்சு. நீங்க சொல்லுங்க தம்பி.

— இந்த வீட்டு அக்காவுக்கு பஸ் தேவையில்லன்னு ஆயிடும். எல்லா வீட்டுலயும் இப்படியே சொன்னா, இந்தப் பக்கம் பகல்ல பஸ்ஸே வேணாம்னு முடிவு பண்ணிடுவாங்க. சாருக்குத்தான் தெரியுமே.

— இவருக்குத் தெரியுமா?

— தெரியாம என்ன அக்கா! ஆள் ஏறாத ரூட்டை எந்தக் கம்பெனி ஓட்டும்? செக்கருங்க பார்த்துச் சொல்றதை வச்சுத்தானே ரூட்டையே எடுக்குறாங்க.

— அப்படியா சங்கதி. கேளுங்க தம்பி. முன்ன கெர்பாவ் ரோட்டுல குடியிருந்தவரைக்கும் ருக்கையாக்கா கடையில பிளவுஸ் தைச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுலேர்ந்து நாலு கடை தள்ளி. இந்தப் புது வீட்டுக்கு வந்ததும் போகக் கூடாதுன்னுட்டாரு.

— போகக் கூடாதுன்னா சொன்னேன்? ரெண்டு பஸ் மாறி, கூட்டத்துல இடிபட்டுக்கிட்டுப் போக வேணாம்னேன். நேர் பஸ் விடட்டும், விட்ட அன்னைக்கே போன்னேன். உங்கம்மா முன்னாடி சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. தினம் சாயங்காலம் கேப்பேன் தம்பி, நேர் பஸ் வருமான்னு. மேல எழுதிப் போட்டிருக்கோம், வரும் வரும்பாரு. நானும் ஒம்பதாவது மாடி ஜன்னல்ல நின்னு கீழ போற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கேன். என்கிட்ட வரும்னு சொன்ன வாயாலதான் உங்ககிட்ட பூஜ்யம்னு சொல்றாரு.

— சரி, தெரிஞ்சுதான் சொன்னேன். என்ன இப்ப? நாள் பூரா வெயில்ல பஸ்ஸுக்கு பஸ் தாவிட்டு வர்றேன். வரும்போது வீடு பூட்டிக் கிடக்கணுமா?

— அக்கா, இது உங்க குடும்ப விஷயம். நான் அப்புறமா...

— உக்காருங்க. பஸ் விஷயம்தான் இது. இந்த வாரத்தோட என் மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு ருக்கையாக்கா சொல்லி அனுப்பிட்டாங்க. இந்த நாலு செவத்துக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது தம்பி. எனக்குப் போகணும்னு எழுதுங்க.

— ஆசையை எழுதறதுக்கு இடமில்லையே அக்கா. நேத்து போனதைத்தான் எழுத முடியும்.

— நேர் பஸ் இல்லைன்னு நான் போகல. நான் போகலைன்னு பஸ் இல்ல. நல்லா இருக்கே உங்க கணக்கு!

— எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ரூல் அப்படி. வேணும்னா, போனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதிக்கிறேன்.

— எங்க, சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்! எந்த பஸ்ஸு? எங்க மாறினா? இவளுக்கு நம்பராவது தெரியுமா?

— தெரியாது.

— அப்ப பூஜ்யம். போட்டுட்டுக் கிளம்புங்க தம்பி.

— போடுங்க. பொய் வேணாம். ஆமா, மறுபடி வருவீங்களா?

— சரிபார்க்க சில வீட்டுக்கு வந்து, அதுக்கு முந்தின நாள் போனதையும் கேப்போம். திங்கட்கிழமை இந்த பிளாக்லதான் இருப்பேன்.

— கட்டாயம் இங்க வாங்க. நான் இருக்க மாட்டேன். நாளைக்கு ருக்கையாக்காகிட்ட நடந்தே போயிடுவேன், நடையை நீங்க எழுத வேணாம். இவருதான் நடக்க மாட்டாரு. பொண்டாட்டியைத் தேடி கெர்பாவ் ரோட்டுக்கு எந்த பஸ்ஸுல போனாரு, எங்க மாறினாரு, எத்தனை தடவை திரும்பிப் போனாருன்னு கேட்டு, ஒண்ணு விடாம எழுதிக்குங்க.