ஆப்பில் அம்மாவின் இடம்

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. அவன் போனில் வீட்டுச் செலவைக் கணக்குப் போடும் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மாசம் டொனேஷன் ஜாஸ்தி ஆயிடுச்சாம். கொறைக்கச் சொல்லுது."

"நாம யாருக்குங்க டொனேஷன் குடுத்தோம்?"

"உங்கம்மா கண்ணு ஆபரேஷனுக்கு அனுப்பினோம் இல்ல."

அவள் அவன் போனை எட்டிப் பார்த்தாள்.

"உங்கம்மா மாத்திரைக் காசு எதுல இருக்குது?"

அவன் திரையைத் தள்ளிப் பார்த்தான். "குடும்பத்துல."

"உங்கம்மான்னா குடும்பம். எங்கம்மாவுக்குக் குடுத்தா பிச்சையா?"

"மெதுவா பேசு, எல்லாரும் பாத்துகினு இருக்காங்க. ஏதாவது ஒண்ணுல போடணும், போட்டேன்."

"என் சம்பளத்த எதுல போட்டீங்க?"

"வரவுலதான். வேற எதுல போடுவாங்க?"

"அதுக்கு மட்டும் எடம் சரியாத் தெரிஞ்சிருக்குது."

அவன் எதையோ அழுத்திவிட்டுப் போனை அவளிடம் நீட்டினான். "இந்தா, குடும்பத்துக்கு மாத்திட்டேன். பாரு."

அவள் பார்க்கவில்லை. மணவூர் தாண்டியதும் தன் போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினாள். குரல் உயரவில்லை.

"சார், என் சம்பளம் இப்ப வீட்டுக்காரரோட சேந்த அக்கவுண்ட்டுக்குப் போகுது. இந்த மாசத்துலருந்து என் பேர்ல மட்டும் இருக்கிற அக்கவுண்ட்டுக்கு வரணும். அதுக்கு என்ன எழுதிக் குடுக்கணும்?"