சாலா ஆச்சிக்கு எதிராகச் சாட்சி சொன்ன எங்கள் சட்டசபை உறுப்பினருக்கு

செட்டிநாடு செய்த தவப்பயனே! சிவநெறி பிறழாச் சீலரே! சென்னைச் சட்டசபையில் எங்கள் சிற்றூர்களின் தாகத்தைச் சளைக்காமல் எடுத்துரைத்த செம்மலே! செக்காலைக் காரியாலயத்துச் சிப்பந்திகளாகிய எங்களை ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் வேலை வாங்கிய கருணைக் கடலே! உயர்திரு தண்டாயுதபாணிச் செட்டியார் அவர்களே! வணக்கம்.

விடைபெறு விழா மடல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டுமென்று குமாஸ்தா மாயக்கண்ணன் நாலைந்து நாளாக அகராதியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கடைசி வரை இதே சுருதியில் கொண்டுபோகத்தான் எண்ணம். இன்று காலையில் நடந்த ஒரு காரியத்தால் பாதி மடல் அடிபட்டுப் போனது. அடித்தது போக மிச்சத்தை மேடையில் வாசிக்கிறோம். குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தாங்கள் சபையில் பேசிக் கொண்டுவந்த பாலங்களும் பள்ளிக்கூடங்களும் கண்முன் நிற்கின்றன. அவற்றுக்கு எங்கள் சாட்சி தேவையில்லை. ஆனால், கடைசியாகக் கொண்டுவந்தீர்களே ஊருணிச் சட்டம், அதைச் சொல்லாமல் இந்த மடல் நகராது. பொதுநிலத்தில் தருமமாக வெட்டிய குடிதண்ணீர் ஊருணியில் இன்னார் இறங்கலாம், இன்னார் இறங்கக்கூடாது என்று எவரும் மறிக்கக்கூடாது, மறித்தால் தண்டனை என்றது அந்தச் சட்டம். சபையில் அது நிறைவேறிய தந்தி வந்தபோது நாங்கள் வெடி போட்டுக் கொண்டாடினோம். வெடி போட்ட எங்களில் ஒருவருக்காவது அது நம் ஊருக்கும் வரும் என்று உறைத்ததா? இல்லையே! அது ஏதோ அடுத்த ஜில்லாக்காரர்களைத் திருத்த வந்த சட்டம் என்றல்லவா இருந்தோம்!

தங்கள் துணைவியார் சாலா ஆச்சி அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். நாட்டரசன்கோட்டை ஊருணி ஆச்சியின் மாமனார் வெட்டியது. அவர் இறந்த திதியில் வரும் தவசத்தன்று சமையலுக்கு அந்த ஊருணித் தண்ணீரை ஆச்சி தம் கையால் எடுப்பது வழக்கம். இந்த ஆண்டும் தலை முழுகி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, விரதத்தோடு படியிறங்கினார்கள். எதிர்ப்படியில் கருப்பம்மாள் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். ஊர் ஒதுக்கி வைத்த கிழக்குக் குடியிருப்புக்காரர் அவர். அதுவரை கரைக்கு மேலே காத்து நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றினால் ஏந்திக்கொண்டு போனவர். ஆச்சிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. உடம்பெல்லாம் பதறிவிட்டது என்று பிற்பாடு ஆச்சியே எங்களிடம் சொன்னார்கள்.

"அடியே, நில்லு! இன்னைக்கு எங்க மாமாவுக்குத் தவசம். அங்குட்டுப் போ!"

"யாரும் எறங்கலாம்னு தண்டோராப் போட்டாகளே ஆச்சி. சட்டம் வந்துருச்சாமே."

"சட்டம் போட்டது எங்க வீட்டு அவுக. ஊருணி வெட்டினது அவுக அப்பச்சி. எனக்கே நீ சட்டம் சொல்றியா?"

கருப்பம்மாள் வெறுங்குடத்தோடு கரையேறிப் போனார். ஆச்சி தாம் செய்தது தப்பென்று துளியும் நினைக்கவில்லை. வீட்டு ஆண்பிள்ளை போட்ட சட்டம் வீட்டுப் பெண்பிள்ளையின் மேல் பாயும் என்று எந்த ஆச்சிதான் நினைப்பார்கள்? சற்றுத் தள்ளிச் சாலையில் தங்கள் கார் நின்றதையும், தாங்கள் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் ஆச்சி கவனிக்கவே இல்லை.

கிழக்குக் குடியிருப்பார் பிராது கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, அவர்கள் கூலிக்குப் போய்வந்த புதுவயல் மில்லில் இனி அவர்களுக்கு வேலை இல்லையென்று ஆனது. பயம் பிடித்துக்கொண்டது. கோர்ட்டில் கருப்பம்மாள் கூண்டேறினார். "உன்னை மறித்தது யார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"யாரும் மறிக்கலீக சாமி. எங்கொடந்தான் ஓட்டை."

பின்வரிசையில் சிரித்தார்கள். ஆச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாயக்கண்ணன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானார். வழக்கு அவ்வளவுதான், சட்டமும் அவ்வளவுதான். உறுப்பினர் வீட்டு ஊருணியிலேயே செல்லாத சட்டம் வேறு எந்தக் கரையில் செல்லும்?

அப்போது தாங்கள் எழுந்தீர்கள். ஆச்சியை அழைத்துப் போக வந்திருக்கிறீர்கள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

"நான் பாத்தேன். மறிச்சது எங்க வீட்டு ஆச்சிதான்."

அட முருகா! மாயக்கண்ணனின் குடை கீழே விழுந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தலை சுற்றியது. எங்களுக்கே இப்படியென்றால் ஆச்சிக்கு எப்படி இருந்திருக்கும்! கட்டின புருஷன், ஊர் பார்க்க, கோர்ட்டு பார்க்க! ஆச்சியின் முகம் வெளுத்துப்போனது. தாலியாகக் கழுத்துரு ஏறிய நாளிலிருந்து தங்கள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர்கள், அன்று தங்களை ஏறெடுத்துப் பார்த்த பார்வையை எங்களால் மறக்க முடியவில்லை. ஆச்சியின் வக்கீல் ஓடி வந்து, இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒருவர் பேச்சுக்கு ஒருவர் பேச்சு, கேஸ் நிற்காது என்று காதில் சொன்னார். ஆச்சி அவரைக் கையால் விலக்கினார்கள்.

"இவர் வேற மாதிரி சொல்லச் சொல்றாரு. அவுக பொய் சொன்னதில்லை. மறிச்சது நாந்தேன். தண்டனையைச் சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போகணும்."

அபராதத்தைக் கட்டிவிட்டு ஆச்சி தனி வண்டியில் போனார்கள். மறுநாள் கருப்பம்மாள் படியிறங்கித் தண்ணீர் மொண்டார். மறிக்க ஒருவருக்கும் துணிவில்லை. உறுப்பினர் வீட்டு ஆச்சியையே விடவில்லையாமே என்று அடுத்தடுத்த ஊர்களிலும் கரைகள் திறந்தன.

ஆனால், அன்று முதல் ஆச்சி தங்களோடு பேசவில்லை. ஒரே வீட்டு வளவில் இருந்துகொண்டு, "ரசம் ஆறுதுன்னு அவுககிட்டச் சொல்லுங்க" என்று எங்களிடம் சொல்லியனுப்புவார்கள். ஊர்ப் பெரியவர்களோ, பெண்டாட்டியைக் காட்டிக்கொடுத்தவருக்கு ஓட்டில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். தாங்களும் சரி என்று தேர்தலிலிருந்து ஒதுங்கிக்கொண்டீர்கள். ஆகவேதான் இந்த விடைபெறு விழா. எங்களுக்கு வயிறு எரிகிறது ஐயா. மேடையென்றும் பாராமல் சொல்கிறோம்.

இனி இன்று காலையில் நடந்தது. ஆச்சியை விழாவுக்கு அழைக்கப் போனோம். தாங்கள் முகப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே நடந்தது தங்கள் காதில் விழுந்திருக்காது. மாயக்கண்ணன் பெருமையோடு மடலை வாசித்துக் காட்டினார். "சாதி பேதம் சற்றும் பாராத சமத்துவச் சுடரே!" என்ற இடம் வந்ததும் ஆச்சி நிறுத்தினார்கள்.

"அதை அடி."

"ஆச்சி?"

"கருப்பம்மா கையால அவுக ஒரு வாய்த் தண்ணி குடிச்சு நீ பாத்திருக்கியா?"

மாயக்கண்ணன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். இத்தனை காலம் கூடவே இருந்தும் இது எங்களுக்குத் தோன்றவே இல்லையே!

"கோர்ட்டுல அவுக பொய் சொல்லலை, நானும் சொல்லலை. மடல்ல மட்டும் எதுக்குப் பொய்? கருப்பம்மா மோந்து தரட்டும். சபைக்கு முன்னால அவுக குடிக்கட்டும். குடிச்சாகன்னா அந்த வரியை எழுதிக்க. மடலை நானே முகப்பில மாட்டச் சொல்றேன்."

மாயக்கண்ணன் வாய் துறுதுறுத்துக் கேட்டுவிட்டார்: "நீங்க குடிப்பீகளா ஆச்சி?"

"நான் மாட்டேன். நானா சட்டம் போட்டேன்?"

ஐயா! தங்களைப் பகைத்தவர்கள் கேட்காத கேள்வி இது. தங்களைப் போற்றிய நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தண்டபாணியின் அருளால் தாங்கள் நோயும் நொடியும் அண்டாமல், நூறாண்டும் அதற்கு மேலும், நாடு வாழ்த்த, நல்லோர் சூழ, ஆச்சியோடு பேச்சும் சிரிப்புமாக வாழ வேண்டும் என்று அடிபணிந்து வேண்டுகிறோம். சமத்துவச் சுடரே என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் மடலில் இடம் விட்டிருக்கிறோம்.

கருப்பம்மாள் செம்போடு வாசலில் நிற்கிறார். "நல்லா வெளக்கின செம்புதான், அவுகளைப் பயப்படாமக் குடிக்கச் சொல்லுங்க" என்கிறார். தாங்கள் கையை நீட்டுங்கள் ஐயா. நாங்கள் இங்கிருந்து நேரே ஆச்சியிடம்தான் போகிறோம். நடந்ததை நடந்தபடி சொல்வோம்.

இங்ஙனம்,
தங்கள் உப்பைத் தின்ற
செக்காலைக் காரியாலயச் சிப்பந்திகள்